கணக்கில் சேராத அடி

"ஆ...!"

அலறல் ஓட்ட அறையிலிருந்து வந்தது.

விளையாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் அப்போதுதான் விளக்குகளைப் போட்டுவிட்டுக் காபியில் வாய் வைத்திருந்தாள் டாக்டர். கோப்பையை வைத்தது பாதி மேஜையில், பாதி காற்றில். அது கீழே விழுந்து உடைந்த சத்தம் கேட்பதற்குள் நடைக்கூடத்தைத் தாண்டியிருந்தாள்.

கதவைத் தள்ளினாள்.

ட்ரெட்மில்லின் பெல்ட் ஆளில்லாமல் உருண்டுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், தரையில்... ஒரு மனிதன் கிடந்தான்!

எக்ஸ்பிரஸ்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அவன் எக்ஸ்பிரஸ்தான். நெடுந்தூர ஓட்டக்காரன். புறப்பட்டால் நடுவில் எதற்கும் நிற்க மாட்டான். இப்போது படுத்தே விட்டான்.

இடது கால். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் தோல் சிவந்து கன்றிப் போயிருந்தது. அருகில் ஓர் இரும்பு டம்பெல் உருண்டு கிடந்தது.

"டாக்டர்..." என்று முனகினான் எக்ஸ்பிரஸ். "அடிச்சிட்டான்... முகமூடி போட்ட ஒருத்தன்... ஜன்னல் வழியா ஓடிட்டான்..."

வேறு டாக்டராக இருந்தால் நாடியைப் பிடித்திருப்பார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார். குறைந்தபட்சம் ஒரு வாய் தண்ணீராவது கொடுத்திருப்பார்.

இவள் ஆராய்ச்சிக்காரி. மண்டியிட்டு, அவன் காதருகே குனிந்து, கவலையோடு கேட்டாள்.

"ஓடும்போது வலிச்சுதா? இல்ல, நின்னதுக்கப்புறம் அடிச்சானா?"

"நின்னதுக்கப்புறம்..."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. ஓடும்போது கொஞ்சம்கூட வலி இல்லையே?"

"இல்ல டாக்டர்... துளிகூட இல்ல..."

"அப்பாடா!" என்றாள் டாக்டர், மனசார.

அந்த 'அப்பாடா' வாசலில் நின்ற இன்னொருவர் காதிலும் விழுந்தது. பக்கத்து அறையில் யாருடைய காலையோ நீவிக்கொண்டிருந்த பிசியோ, சத்தம் கேட்டு எண்ணெய்க் கையோடு ஓடி வந்திருந்தார்.

அவர் கண்கள் சுருங்கின.

போலீசுக்குப் போன் செய்ததும் அவர்தான்.

*

இன்ஸ்பெக்டருக்குத் தாராளமான உடம்பு. ஓட்ட அறையில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. இருந்ததெல்லாம் இடுப்புப் பயிற்சிக்கான பெரிய ரப்பர் பந்து ஒன்றுதான். அதன்மேல் உட்கார்ந்துதான் விசாரணையை ஆரம்பித்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தடவை எழும்பி இறங்கினார்.

முதலில் அவர் பார்த்தது ஜன்னலை. பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

அது திறக்கவே திறக்காத ஜன்னல். ஏசிக்காகக் கட்டும்போதே சுற்றிலும் அடைத்துப் பூசிய ஒற்றைக் கண்ணாடி. அதன் வழியாக முகமூடிக்காரன் போயிருந்தால் ஒன்று கண்ணாடி உடைந்திருக்க வேண்டும், இல்லை அவன் வெயிலாக இருந்திருக்க வேண்டும்.

பிசியோ பக்கத்து அறையில் இருந்தார். அவர் கையில் ஒரு கால் இருந்தது, அந்தக் காலின் சொந்தக்காரரும் சாட்சிக்கு இருந்தார். கட்டடத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒருத்தி.

டாக்டர்.

"மேடம், ஆள் அடிபட்டுக் கிடக்கறாரு. நீங்க 'அப்பாடா'ன்னு சொன்னீங்களாமே? எதுக்கு?"

டாக்டர் எதையும் மறைக்கத் தெரியாதவள். அதிலும் தன் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது வாய் திறந்து கேட்டுவிட்டால், கேட்டவர் போலீஸா பால்காரரா என்று பார்க்க மாட்டாள். உற்சாகமாக ஆரம்பித்துவிட்டாள்.

நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்குக் கால் எலும்பு ஒரே நாளில் உடைவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் துளித் துளியாய் நொந்து, ஒரு நாள் மயிரிழை போல விரிசல் விடும். அதைத் தடுக்க டாக்டர் ஒன்று கண்டுபிடித்திருந்தாள். ஷூவுக்குள், பாதத்துக்கு அடியில் வைக்கிற ஒரு மெத்தை. பாதி ஓட்டக்காரர்களுக்கு மெத்தை கொடுத்தாள். மீதிப் பேரை வெறும் ஷூவோடு ஓடவிட்டாள். வெறும் ஷூக்காரர்கள் ஒவ்வொருவராக நொண்டிக்கொண்டு பிசியோவிடம் வந்தார்கள். மெத்தைக்காரர்களில் ஒருவருக்கும் இன்றுவரை எதுவும் ஆகவில்லை.

"ஒருத்தருக்குக்கூட இல்ல சார்! இந்த வாரத்தோட ஆராய்ச்சி முடியுது. எக்ஸ்பிரஸும் மெத்தைக்காரர்தான். அவர் கால் ஓடி உடைஞ்சிருந்தா என் கதி என்ன? அடிபட்டு உடைஞ்சா பிரச்சனையே இல்ல. வெளியில இருந்து விழற அடி கணக்குல சேராது. அவரை ஆராய்ச்சியில இருந்து எடுத்துட்டு நாம பாட்டுக்குப் போயிட்டே இருக்கலாம்."

இன்ஸ்பெக்டர் எழும்புவதை நிறுத்தினார்.

"அப்படின்னா... ஓடி வலி வந்த ஒருத்தர் உங்களுக்குத் தலைவலி. அவரையே இரும்பால அடிச்சுப் போட்டுட்டா, தலைவலி போயிடும்."

"ஆமா, கரெக்ட்!" என்றாள் டாக்டர். புரிந்துகொள்ளும் மாணவன் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

அப்புறம்தான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

பிசியோ தொண்டையைக் கனைத்தார். அவருக்கு மெத்தையை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஓடுவதற்கு முன் காலை நன்றாக நீட்டி மடக்கினால் போதும் என்பது அவர் கட்சி. நேற்று எக்ஸ்பிரஸ் அட்டவணையில் இல்லாத ஓட்டமெல்லாம் ஓடியதற்காக டாக்டர் அவனைத் திட்டியதையும், 'இன்னொரு தடவை இஷ்டத்துக்கு ஓடினா காலை உடைச்சிடுவேன்' என்று கத்தியதையும், அதைக் கூடம் முழுக்கக் கேட்டதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"அது சும்மா ஒரு பேச்சுக்கு..." என்றாள் டாக்டர் பரிதாபமாக.

"டம்பெல் யாரோடது?"

"என்னோடதுதான். கதவு மூடிக்காம இருக்க முட்டுக் குடுப்பேன்."

"தினமும் கையால எடுப்பீங்க."

"எடுப்பேன்..."

இன்ஸ்பெக்டர் பந்திலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். பந்து விடவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து தூக்கிவிட்டார்கள்.

"மேடம், அந்த ஆளோட ஸ்கேன் வரட்டும். அதுவரைக்கும் ஊரைவிட்டு மட்டும் இல்ல, இந்த ரூமை விட்டே போகக் கூடாது. சாயங்காலம் உங்களை அரெஸ்ட் பண்ண வேண்டி வரும்னு நினைக்கறேன்."

*

ஸ்கேன் வந்தது. கூடத்துக்கு வரும் படமெல்லாம் டாக்டர் பெயருக்கே வரும் என்பதால் அது அவள் கைக்குத்தான் வந்தது.

வெளிச்சத் திரையில் மாட்டினாள்.

பார்த்தாள்.

இன்னொரு முறை பார்த்தாள். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

எலும்பில் மயிரிழை விரிசல். ஆனால் விரிசலைச் சுற்றிப் புது எலும்பு மேகம் போல் படிய ஆரம்பித்திருந்தது. இன்று காலை டம்பெல் பட்டு வந்த விரிசலாக இருந்தால் அது எப்படிப் படியும்? இது வாரக் கணக்கில் பழசு! இந்த மனுஷன் உடைந்த காலோடுதான் இத்தனை நாளும் ஓடியிருக்கிறான். இரும்பு பட்டது தோலில் மட்டும். அதுவும் பயந்து பயந்து பட்ட அடி.

அடித்தவன் யாரும் இல்லை. குற்றமே இல்லை! இந்தப் படத்தை இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினால் அவள் விடுதலை.

வாயைத் திறந்து அவரைக் கூப்பிடப் போனாள்...

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

ஓடி உடைந்த கால். மெத்தை போட்ட கால்! இதைக் காட்டினால் அவள் வெளியே வந்துவிடலாம். ஆனால் மெத்தை செத்துவிடும்.

கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் 'ஆராய்ச்சி முடியட்டும்மா' என்று அம்மாவைத் தட்டிக்கழித்த வருஷங்கள் கண்முன்னால் வந்தன. ஊரெல்லாம் தூங்கும்போது அவள் மட்டும் பாதங்களை அளந்துகொண்டிருந்தாள். அந்த மெத்தையை அவள் ஒரு பொருளாக நினைத்ததே இல்லை. அது அவள் பெற்ற பிள்ளை.

அழுகை வந்தது. அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் படுத்திருந்த அறைக்குப் புறப்பட்டாள். வாசலில் இருந்த கான்ஸ்டபிளிடம் காலைப் பரிசோதிக்க வேண்டும் என்றாள். அவர் விட்டுவிட்டார்.

"எத்தனை வாரமா வலிக்குது?" என்றாள் எடுத்த எடுப்பில்.

எக்ஸ்பிரஸ் கூரையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். கடைசியில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டான்.

உண்மை போர்வைக்கு உள்ளேயிருந்து வந்தது. போன தடவை அவன் ஓடிக் காலை உடைத்துக்கொண்டபோது, மாதக் கணக்கில் அவனைக் குளிப்பாட்டி, தோள் கொடுத்து மாடிப்படி ஏற்றி இறக்கியவள் அவன் மனைவி. கட்டுப் பிரித்த அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம், இன்னொரு தடவை ஓடி உடைத்துக்கொண்டு வந்தால் வீட்டில் இருக்கிற ஷூவெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகும், அதோடு ஓட்டத்துக்கு முழுக்கு என்று. அவனும் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

"திருடன் அடிச்சதுன்னா அவ என்ன சொல்ல முடியும் டாக்டர்? பாவம்னு கஞ்சி வெச்சுக் குடுப்பா. கால் சரியானதும் பழையபடி ஓடலாம். அதான், நானே மெதுவா ஒரு தட்டு தட்டிக்கிட்டேன். நீங்க மாட்டுவீங்கன்னு சத்தியமா நினைக்கல. அந்த ஜன்னல் திறக்காதுன்னு எனக்கெப்படித் தெரியும்? நான் எந்த இடத்துலயும் நின்னு பார்த்ததே இல்லையே."

டாக்டர் யோசித்தாள்.

அவனுக்கு வேண்டியது ஒரு குற்றவாளி. அவளுக்கு வேண்டியதும் ஒரு குற்றவாளி.

"ஒருத்தரைக் காலில் அடிச்சா எவ்வளவு நாள் உள்ளே போடுவாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலையே..."

"ஆராய்ச்சிக் கட்டுரையை ஜெயில்ல உக்காந்து எழுதலாமில்ல?"

போர்வை விலகியது. எக்ஸ்பிரஸின் கண்களில் நன்றி பொங்கி வழிந்தது.

*

"நான்தான் அடிச்சேன்" என்றாள் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை நின்றுகொண்டேதான் இருந்தார். தன் சர்வீஸில் இவ்வளவு சந்தோஷமாக யாரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு பார்த்ததில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"எப்படி அடிச்சீங்க? காட்டுங்க."

டாக்டர் டம்பெல்லைத் தூக்கினாள். இடுப்பு வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் வர மறுத்தது.

"தினமும் எடுப்பேன்னு சொன்னீங்க?"

"காலால உருட்டித்தான் சார் முட்டுக் குடுப்பேன். இன்னைக்குக் காலையில ஆத்திரத்துல தூக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டர், அடையாளம் காட்டக் கட்டிலோடு ஓட்ட அறைக்குத் தள்ளிவரச் செய்திருந்த எக்ஸ்பிரஸிடம் திரும்பினார். அடித்தது இவங்கதானா என்று கேட்டார். ஆமாம் சார், இவங்கதான் என்றான் எக்ஸ்பிரஸ், கேள்வி முடிவதற்குள்.

"முகமூடின்னு சொன்னியே?"

"போட்டிருந்தாங்க."

"தன்னோட ஆபீஸ்ல தானே எதுக்குய்யா முகமூடி போடணும்?"

எக்ஸ்பிரஸ் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் எக்ஸ்பிரஸைப் பார்த்தாள்.

"தூசி சார்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"'ஒருத்தன்'னு சொன்னியே. ஆம்பளைன்னு."

"வலியில எல்லாரும் ஆம்பளை மாதிரிதான் சார் தெரிஞ்சாங்க."

"ஸ்கேன் எங்கே?"

டம்பெல்லை வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் டாக்டர் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். அது இன்னும் வரவில்லை என்றாள்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். குற்றவாளி ஒப்புக்கொண்டாகிவிட்டது. அடிபட்டவன் அடையாளம் காட்டியாகிவிட்டது. காரணம் இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, கத்தினதைக் கேட்ட சாட்சி இருக்கிறது. எல்லாமே இருந்தும் இரண்டு பேரும் சேர்ந்து தன் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று அவர் உள்மனம் சொன்னது. ஆனாலும் உள்மனம் சொன்னதைக் கோர்ட்டில் சொல்ல முடியாது. பையிலிருந்து விலங்கை எடுத்தார்.

டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டினாள்...

கதவு படாரென்று திறந்தது.

எக்ஸ்பிரஸின் மனைவி!

துணிக்கடையில் வேலை. தகவல் போனதும், வாடிக்கையாளர் முன்னால் பிரித்துப் போட்ட புடவையைக்கூட மடிக்காமல் வந்திருந்தாள். வந்தவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. யார் அடித்தார்கள் என்றும் கேட்கவில்லை. நேராகப் போய்ப் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள்.

"ஓடித்தானே ஒடைச்சிக்கிட்டீங்க?"

"இல்லம்மா... டாக்டர்தான் அடிச்சாங்க... வேணும்னா நீயே கேளு..."

"ஆமாங்க, நான்தான்" என்றாள் டாக்டர் அவசரமாக.

"நீங்க சும்மா இருங்க டாக்டரம்மா. மூணு வாரமா மாடிப்படியில ஒத்தக் கால்ல தத்தித் தத்தி ஏறுறார். கேட்டா பயிற்சின்னு சொல்றார். ராத்திரி பூரா என் தலகாணி அவர் காலுக்கடியிலதான். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தற எனக்கு இவரோட எலும்பு தெரியாதா?"



இன்ஸ்பெக்டர் டாக்டரின் பக்கம் கையை நீட்டினார். டாக்டர் எழுந்து, உட்கார்ந்திருந்த ஸ்கேனை எடுத்துக் கொடுத்தாள். சுவரோரமாக நின்றிருந்த பிசியோ அதை வாங்கி ஒரு பார்வை பார்த்து, பழைய விரிசல் என்றார். அவர் குரலில் தேன் சொட்டியது.

டாக்டர் சரிந்து அந்த ரப்பர் பந்தில் உட்கார்ந்தாள்.

"மெத்தை போட்டும் உடைஞ்சிடுச்சே..." என்றாள். "எல்லாம் போச்சு..."

"எந்த மெத்தை?" என்றாள் மனைவி. "ஷூவுக்குள்ள வெச்சு நீங்க குடுத்தீங்களே, அதுவா? அது இவர்கிட்ட எங்க இருக்கு? நாள் பூரா கடையில நிக்கறவ நான்தானேன்னு, வந்த அன்னைக்கே உருவி என் ஷூவுல வெச்சிக்கிட்டேன். இவர் ஷூவுக்கு அதே அளவுல சட்டைப் பெட்டி அட்டையை வெட்டி வெச்சேன்."

டாக்டர் நிமிர்ந்தாள்.

எக்ஸ்பிரஸ் மெத்தையே போடவில்லை! அட்டையில் ஓடியிருக்கிறான். அப்படியானால் அவன் மெத்தைக்காரன் இல்லை. மெத்தை போட்ட ஒருவருக்கும் இதுவரை எதுவும் ஆகவில்லை! பிள்ளை பிழைத்துவிட்டது!

துள்ளி எழுந்து அந்த மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இன்ஸ்பெக்டர், நான் அடிக்கல! சத்தியமா அடிக்கல! எழுதிக்கோங்க!"

இன்ஸ்பெக்டர் விலங்கை மறுபடி பையில் போட்டார். டாக்டருக்கு அதையெல்லாம் பார்க்க நேரம் இல்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்கள் பளபளக்கக் கேட்டாள்.

"நாள் பூரா நிக்கறீங்க... மெத்தை எப்படி இருக்கு?"

"நானே கேக்கணும்னு இருந்தேன் டாக்டரம்மா. அதைப் போட்டதுல இருந்து குதிகால்ல உயிர் போற வலி. காலைக் கீழே வைக்க முடியல. அது எதுக்குக் குடுக்கறது?"

பந்து மெதுவாக உருண்டு சுவரில் போய் முட்டி நின்றது.

"ஓ... அதான் மத்தவங்களும் அப்படிச் சொன்னாங்களா?" என்றான் எக்ஸ்பிரஸ். ஏதோ ஒரு பெரிய புதிர் அவிழ்ந்த பிரகாசம் அவன் முகத்தில். "எங்க ஆளுங்க ஒருத்தர்கூட அதைப் போட்டு ஓடறதில்ல டாக்டர். கடிக்குது கடிக்குதுன்னு எடுத்து வெளியில வெச்சிட்டுத்தான் கிளம்புவாங்க. ஓடி முடிச்சு உங்ககிட்ட வரும்போது மறுபடி உள்ளே வெச்சிப்பாங்க. நீங்க ஆசை ஆசையா செஞ்சது, மனசு கஷ்டப்படுவீங்கன்னு யாரும் சொல்லல, கால் வலி வந்ததைக்கூட. எனக்கு மட்டும் சுகமா இருக்கே, இவங்க ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு நினைச்சேன்... அட்டையா அது!"

பிசியோ மெல்ல வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நடைக்கூடத்திலிருந்து, அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் போன ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள். அது திறக்காது.

பிறகு, நிதானமாக, இன்ஸ்பெக்டரின் முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நான்தான் சார் அடிச்சேன். கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க வேணாம் மேடம். அந்த மெத்தையை மட்டும் ஜெயிலுக்கு அனுப்பி வைங்க... ஒருத்தனும் தப்பிச்சு ஓட மாட்டான்!"